கொடைக்கானலுக்கு ஒரு நாள்: பாதியை ஏரிக்குக் கொடுங்கள்

மதுரை, திண்டுக்கல், பழனிப் பக்கத்துக் குடும்பங்கள் விடியும் முன் கிளம்பினால் கொடைக்கானலைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒரு நாள் போதுமா என்றால், போதும். ஆனால் பன்னிரண்டு இடம் காட்டுகிறோம் என்று அட்டை மாட்டியிருக்கும் வேனில் ஏறினால் போதாது. வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும், ஏரிக்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரம். குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றாகச் சந்தோஷப்படுகிற இடம் அந்த ஏரிதான். அதைச் சுற்றி நாளை அமைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள்.

முதல் வேலை இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டி கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்தக் காரானாலும் வாடகை வண்டியானாலும் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வைத்தார்கள். ஆகவே கோடை சீசனில் முந்தின நாள் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை, மீறினால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்றும் அறிவித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

மலைப்பாதையில் குழந்தைகள் வாந்தி எடுப்பதுதான் பல குடும்பங்களின் காலையைக் கெடுக்கிறது. காது உணர்கிற அசைவும் கண் பார்க்கிற காட்சியும் ஒத்துப்போகாததால் வரும் தொல்லை அது. செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்தால் இன்னும் மோசமாகும். சாலை முன்னால் தெரிகிற மாதிரி நடு இருக்கையில் உட்கார வையுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். பூரியும் பொங்கலும் மலை ஏறிய பிறகு. வத்தலக்குண்டு வழியாக ஏறினால் டம்டம் பாறையில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். எதிர் மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடாக இறங்குவது எலிவால் அருவி. வயிறும் அடங்கும், கண்ணும் நிறையும்.

ஊருக்குள் போனதும் நேரே ஏரிக்குப் போய்விடாமல் முதலில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நடக்கிற கோக்கர்ஸ் வாக். இந்த வரிசை முக்கியம். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, கீழேயிருக்கும் ஈரக்காற்று மேலே வந்து குளிர்ந்து மேகமாகிறது. மதியத்துக்கு மேல் போனால் பள்ளத்தாக்குக்குப் பதில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட பாதை. ஒரு கிலோமீட்டர் இருக்கும். தளம் போட்டிருப்பதால் மூட்டுவலி உள்ள பெரியவர்களும் மெதுவாக நடந்துவிடலாம்.

அடுத்து ஊருக்கு வெளியே ஒரே ஒரு இடம். எங்கள் தேர்வு தூண் பாறை. சுமார் 122 மீட்டர் உயரத்துக்கு மூன்று கற்கள் தோளோடு தோள் நிற்கிற காட்சிக்கு ஈடில்லை. பைன் காடும் குணா குகையும் அதே சாலையில்தான் இருக்கின்றன. குகைப் பக்கம் தடுப்புக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டுமே, அவசரம் என்றால் விட்டுவிடலாம். சிப்ஸ் பாக்கெட்டை வண்டியிலேயே வையுங்கள். பாக்கெட் சரசரக்கும் சத்தம் கேட்டதும் குரங்கு வந்துவிடும்.

பதினொன்றரைக்குள் ஏரிக்கு வந்துவிடுங்கள். இது இயற்கை ஏரி அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863இல் கரை கட்டித் தேக்கியது. நட்சத்திரம் போலக் கைகள் நீண்டு வளைவதால் ஒரு இடத்தில் நின்று முழு ஏரியையும் பார்க்க முடியாது. அதனால்தான் சுற்றி வர வேண்டும் என்கிறோம். கரையோரச் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம்.

வாடகை சைக்கிள் எடுப்பதானால் மூன்றைப் பாருங்கள்: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, செயின் தொங்குகிறதா, இருக்கையில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடுகிறதா. ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது பேச்சு வராது. ஏரி உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் தண்ணீரோரமாகவே போகலாம், படம் எடுக்க எதிர் வண்டிகளுக்குக் குறுக்கே கடக்க வேண்டாம். நெரிசல் நாளில் ஒருவழி ஆக்கியிருந்தால் அதன்படி போங்கள்.

படகில் மிதிபடகு இளசுகளுக்கு, துடுப்புப் படகு குடும்பத்துக்கு. நால்வர் மிதிபடகில் பெரும்பாலும் முன்னிருவருக்குத்தான் மிதிகட்டை, சின்னப் பிள்ளைக்குக் கால் எட்டாது. காற்று தள்ளுகிற திசையிலேயே சுகமாகப் போய்விட்டு, திரும்பும்போது எதிர்க்காற்றில் மிதித்துத் தொடை நோக, நேரம் தாண்டிக் கூடுதல் கட்டணம் கட்டுகிறவர்கள் நிறைய. முதல் பாதியை எதிர்க்காற்றில் போங்கள், திரும்புவது தானாக நடக்கும். வயதானவர்கள் இருந்தால் துடுப்புக்காரரோடு வரும் படகையே எடுங்கள். உயிர்காப்புச் சட்டை குழந்தைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றால் அது பெரியவர் அளவு. சின்னது கேட்டு வாங்கிப் பட்டையை இறுக்குங்கள்.

கரைக்கு வந்ததும் பிரையண்ட் பூங்கா, ஏரிக்குக் கிழக்கே. புல்தரையில் குழந்தைகளை ஓட விட இதைவிட நல்ல இடமில்லை. நடு வெயிலில் தொப்பி போட்டு விடுங்கள். குளிரில் சுடுவது தெரியாது. 2,100 மீட்டர் உயரத்தில் தோல் சீக்கிரம் கருக்கும்.

வாங்கி வருவதில் கவனம் வேண்டியது சாக்லேட். ‘ஹோம்மேட்’ என்று எடை போட்டுத் தருவதில் பலவும் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்தவை. ஒரு துண்டை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். கோகோ வெண்ணெய் உடல் சூட்டிலேயே இளகி விரலில் பளபளக்கும். மற்றது மெழுகு போல் நின்று, வாயிலும் மேலண்ணத்தில் பூசினாற்போல் ஒட்டும். நல்லதாகக் கிடைத்தால் அது வத்தலக்குண்டு வெயிலில் உருகிவிடும் என்பதையும் நினைவில் வைத்து மூடிபோட்ட ஹாட்பேக்கில் கொண்டுபோங்கள். அதைவிட எங்கள் வீட்டுக்கு மலைப்பூண்டுதான் பிடிக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பல் நசுக்கினால் காரவாசனை மூக்கில் ஏறும். ஈரம் காயாத பூண்டைப் பையில் கட்டிப்போட்டால் பூசணம் பிடிக்கும், தண்டோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.

நான்கு மணிக்கு மேல் ஊரில் நிற்க வேண்டாம். மாலையில் காட்டெருமைகள் தெருவுக்குள் வருவது இங்கே சாதாரணம். வண்டியை விட்டு இறங்கிப் படம் எடுக்கப் போகாதீர்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியை இறங்கும்போது பாருங்கள். நீங்கள் படகு விட்ட ஏரியின் உபரி நீர்தான் அங்கே 180 அடி விழுகிறது. இறக்கத்தில் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும், பிறகு பிரேக் பிடிக்காது. வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் கோணிவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்து இறங்கினால் இருட்டும் முன் சமவெளி.