கோத்தகிரிப் பக்கத்து நாய் விடுதி: தங்க வைக்கலாம், குளிப்பாட்டக் கொடுக்காதீர்கள்

அவசரத்தில் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போக நல்ல இடம். வேலி உறுதியானது, ஆட்களுக்கு நாய் தெரியும், சாப்பாட்டில் ஏமாற்று வேலை கிடையாது. ஆனால் அதே வளாகத்தில் நடக்கும் குளியல், முடிவெட்டுப் பிரிவுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். சுருட்டை முடி நாயாக இருந்தால் யோசிக்கக்கூட வேண்டாம், அனுப்பாதீர்கள். என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை போட இங்கே வழியில்லாததால் நான்காகப் போட்டிருக்கிறேன். அந்த அரை, அங்கே நாய்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்காக.

எங்கள் சுருளியைப் பற்றிச் சொன்னால்தான் மீதி விளங்கும். அவன் புமி, ஹங்கேரி நாட்டு மேய்ச்சல் நாய். புடாபெஸ்டில் வேலை பார்த்த மகன் ஊர் திரும்பும்போது கூட்டிக்கொண்டு வந்தான். அப்புறம் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து அவன் கிளம்பிவிட, நாய் எனக்கும் எங்கள் துண்டுத் தேயிலைத் தோட்டத்துக்கும் என்று ஆகிவிட்டது. கோத்தகிரி டானிங்டனில் காய்கறி வாங்கக் கூட்டிப் போனால் பத்துப் பேர் பூடிலா என்று கேட்கிறார்கள். பூடில் இல்லை. காது முக்கால்வாசி நிமிர்ந்து நுனி மட்டும் முன்னால் மடிந்திருக்கும், அந்த மடிப்பில் ஒரு கொத்து முடி. வால் முதுகின் மேல் வளையமாகச் சுருண்டிருக்கும். ஆண் நாய் 41 முதல் 47 சென்டிமீட்டர் உயரம், 10 முதல் 15 கிலோ எடை என்று இனத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். இவன் பன்னிரண்டு கிலோ. சாம்பல் நிறப் புமி பிறக்கும்போது கறுப்பாகத்தான் பிறக்கும், வளர வளர வெளுக்கும். இவனுடைய குட்டிக்காலப் படத்தைக் காட்டினால் வேறு நாய் என்று சத்தியம் செய்வீர்கள்.

ஹங்கேரியில் இதைவிடப் பழைய மேய்ச்சல் நாய் ஒன்று உண்டு. கயிறு கயிறாக முடி தரையைத் தொடும்; பேஸ்புக் சக்கர்பெர்க் வளர்த்தாரே, அந்த ஜாதி. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஜெர்மனி, பிரான்ஸ் பக்கமிருந்து மெரினோ ஆடுகள் அந்த நாட்டுக்கு வந்தபோது கூடவே வந்த மேய்ச்சல் நாய்கள் இந்தப் பழைய இனத்தோடு கலந்து புமி உண்டாயிற்று என்பது வழக்கமாகச் சொல்லும் வரலாறு. நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார்கள். 1920-களில்தான் எமில் ராய்ட்சிட்ஸ் என்ற பேராசிரியரின் முயற்சியில் தனித்தனி இனமாகப் பிரித்தார்கள். சர்வதேச நாய்கள் கூட்டமைப்பு 1966-இலும், அமெரிக்க கென்னல் கிளப் 2016-இலும் புமியை ஏற்றுக்கொண்டன.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்று. மெரினோ இந்த மலைக்கும்தான் வந்தது. டாஸ்மேனியா மெரினோ உள்ளிட்ட வெளிநாட்டு ஆடுகளை 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு கலந்ததில் உருவானதுதான் நீலகிரி ஆடு. ஊட்டிக்கு அந்தப் பக்கம் சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் அதை வைத்து வளர்க்கிறார்கள். ஆடு கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள் நாயும் கொண்டுவந்தார்கள், ஆனால் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையேறி நரி துரத்த. மேய்ச்சல் நாய் இந்த மலைக்கு வர என் மகன் வேண்டியிருந்தது.

இந்த நாயின் குணம் அதன் வேலையிலிருந்து வந்தது. கிராமத்துக் கொட்டிலிலிருந்து மேய்ச்சலுக்கு, குறுகலான பாதையில் ஆடு, மாடு, பன்றி எதுவானாலும் நெருக்கி ஓட்டிப் போவது புமியின் பிழைப்பு. நகராத மாட்டைக் குரைத்தே நகர்த்தும். அதற்கும் மசியாவிட்டால் குதிங்காலில் ஒரு சின்னக் கடி. ஆகவே குரைப்பு இதற்குக் கெட்ட பழக்கம் இல்லை, தொழில் கருவி. அது சரி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதை யார் விளக்குவது? தேயிலைக்குள் காட்டெருமை வந்தாலும் குரைப்பான், குக்கர் விசில் அடித்தாலும் குரைப்பான், நான் செருப்பை இடம் மாற்றி வைத்தாலும் குரைப்பான். புதியவர்களை உடனே நம்பமாட்டான், கொஞ்சம் தள்ளி நின்று எடை போடுவான். சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வான். சொல்லிக்கொடுக்காவிட்டால் தானாகவே ஒரு வேலையைக் கண்டுபிடிப்பான், அது நமக்குப் பிடித்த வேலையாக இருக்காது. இப்படிப்பட்டவனைக் கூண்டில் விட்டுவிட்டுத் திருநெல்வேலிக் கல்யாணத்துக்குப் போவது எப்படி என்ற கவலையில்தான் இந்த விடுதியைத் தேடினேன்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த மலையில் முதல் பயம் சிறுத்தை. வாசலில் கட்டிப்போட்ட நாயை விடிவதற்குள் தூக்கிப் போன கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. அதனால் நான் போனதும் வரவேற்பறையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தேன். நான்கு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கம்பிவலை, கூண்டுகளுக்கு மேலேயும் வலை, வேலி அடியில் ஒரு முழம் கான்கிரீட். இருட்டுவதற்கு முன் எல்லா நாயும் உள்ளே. சமையலறைக் கதவுக்கு இரும்புத் தகடு அடித்திருக்கிறார்கள். எண்ணெய் வாசனைக்குக் கரடி வருமாம். கோத்தகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

உள்ளே ஒவ்வொரு அறையிலும் தரையிலிருந்து சற்று உயரத்தில் பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. இந்த விரிப்பு எனக்கு முக்கியம். பின்னங்கால் முட்டிச் சில்லு நழுவுவது புமிகளில் உண்டு, வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடவிடக் கூடாது. ரேபிஸ் ஊசியும் மற்றத் தடுப்பூசிகளும் போட்ட அட்டையைக் காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். உண்ணி மருந்து எப்போது போட்டது என்று கேட்டு, காது மடலையும் விரல் இடுக்கையும் அவர்களே புரட்டிப் பார்த்தார்கள். சுருளியின் அடர்ந்த முடிக்குள் உண்ணி ஒளிந்தால் கண்ணில் படாது என்பதால், விரலால் தோலைத் தடவித் தடவி அந்த அண்ணன் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. சாப்பாடு கோழியும் சோறும். நம் வீட்டுத் தீனியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் அதற்காக வாடகையைக் குறைப்பதில்லை.

முதல் நாள் மாலை போன் வந்தது. ஓயாமல் குரைக்கிறான், பக்கத்து அறை நாய்களெல்லாம் கலவரமாகிவிட்டன என்று விடுதிக்காரர் கொஞ்சம் சலிப்போடு சொன்னார். கடைசி அறைக்கு மாற்றுவதாகவும், அதற்குத் தனிக்கட்டணம் உண்டு என்றும் சொன்னார். குரைப்பதற்குக் கட்டணம் என்று விலைப்பட்டியலில் எங்கும் இல்லை, இதை ஒரு குறையாகவே இங்கே பதிவு செய்கிறேன். கல்யாண வீட்டில் நின்றுகொண்டு வாதாட முடியாமல் சரி என்றேன்.

மறுநாள் அந்த அண்ணன் தன் போனிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். பொழுது சாயும் நேரம், நாய்களை உள்ளே அடைக்கிறார்கள். ஒரு தடித்த லாப்ரடார் முற்றத்து நடுவில் படுத்துக்கொண்டு எழுந்திருப்பேனா என்கிறது. அண்ணன் கூப்பிடுகிறார், தட்டைத் தட்டுகிறார், அது வாலை மட்டும் ஆட்டுகிறது. சுருளி திரையின் ஓரத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு யாரும் சொல்லாமல், அரைவட்டமாகச் சுற்றி லாப்ரடாரின் பின்பக்கம் போய், குதிங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்று மூன்று முறை குரைத்தான். லாப்ரடார் திரும்பிப் பார்த்தது. இவன் இடது பக்கம் ஓர் எட்டு நகர்ந்து அந்த வழியை அடைத்தான், வலது பக்கம் பார்த்ததும் அந்தப் பக்கம் போனான். கடைசியில் அது எழுந்து நேரே அறைக்குள் நடந்தது. இவன் வாசலில் நின்று இன்னொரு குரைப்பு, கையெழுத்துப் போடுகிற மாதிரி. பின்னணியில் அண்ணனின் சிரிப்பு.

"ஏம்மா, இவன் கூண்டுல அடைக்கிற ஆள் இல்லம்மா, அடைக்கிற வேலை பாக்குற ஆளு" என்று கீழே குரல் பதிவும் வந்தது. அன்றிலிருந்து தினமும் மாலை அந்த வேலை சுருளிக்கு. குரைப்பு பாதியாகக் குறைந்தது. பகலில் அவர் வளர்க்கும் வாத்துகளையும் ஓட்டவிட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்து நான் போனபோது, "அண்ணா, கடிச்சு வைக்கலையே?" என்று கேட்டேன். "ஒரு வாத்தை மட்டும் கொஞ்சம் மிரட்டினான், அதுவும் அதோட தப்புதான்" என்றார். அவர் எந்தப் பயிற்சியும் எடுத்தவர் இல்லை, சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். மேய்ச்சல் நாய்க்குக் கொஞ்சலைவிட வேலை தேவை என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது. அந்தக் கூடுதல் கட்டணத்தை விடுதிக்காரர் கடைசியில் போடவில்லை. அண்ணன் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி குளியல் பிரிவு.

புமியின் முடியில் மெல்லிய உள்முடியும் முரட்டு வெளிமுடியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இரண்டும் பின்னிக்கொள்வதால்தான் திருகுச் சுருள் விழுகிறது. உதிர்வது குறைவு, அது வீட்டுக்கு லாபம். ஆனால் உதிர வேண்டிய முடி உள்ளேயே சிக்கிக் கம்பளமாகத் திரிந்துவிடும், அது நாய்க்கு நஷ்டம். அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது இரும்புச் சீப்பால் தோல்வரை சீவ வேண்டும். சீவினால் சுருள் கலைந்து பொங்கி நிற்கும். உடனே தண்ணீரில் நன்றாக நனைத்து, துண்டால் ஒற்றி, தானாகக் காயவிட்டால் சுருள் திரும்ப விழும். பிளோயர் கூடவே கூடாது. முடியைக் கத்தரிக்கோலால்தான் ஒழுங்கு செய்வார்கள், மெஷின் போடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைப் பிழியும்போது காய வைப்பதுதான் பெரும்பாடு. நான் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் கணப்பு வைத்து, ஈரத்தை விரலால் பார்த்துப் பார்த்துக் காய வைப்பேன். கணப்பு அறையைச் சூடாக்கினால் போதும், நாய்மேல் சூட்டுக்காற்று அடிக்கக் கூடாது.

இதையெல்லாம் தாளில் எழுதி முன்பணத்தோடு கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் வெளியே வந்தது என் நாய் இல்லை, நான்கு கால் வைத்த பஞ்சுமிட்டாய். சூடான பிளோயர் அடித்துச் சுருளையெல்லாம் நீட்டி, முகத்தை உருட்டி, காது நுனிக் கொத்தை மெஷினால் வழித்துவிட்டிருந்தார்கள். அந்தக் கொத்துதான் அவன் அழகே. வேலை செய்த பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். ஷிட்ஸூவுக்கும் கோல்டன் ரிட்ரீவருக்கும் கற்றுக்கொண்டதை ஒழுங்காகவே செய்திருக்கிறாள், நகம் வெட்டியதும் காது துடைத்ததும் சுத்தம். என் தாள் அவள் கைக்குப் போகவே இல்லை. வரவேற்பு மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. கேட்டதற்கு, "அடுத்த தடவை ஃப்ரீயா பண்ணித் தர்றோம் மேடம்" என்றார்கள். அடுத்த தடவை எதற்கு? 900 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. வீட்டில் நனைத்துக் காயவிட்டதும் சுருள் வந்துவிட்டது, காது முடி வளர மாதக்கணக்கில் ஆயிற்று.

இனி சில்லறைத் தகவல்கள். தங்குவதற்கு ஒரு நாளைக்கு 650 ரூபாய். பிரதான சாலையிலிருந்து இறங்கும் கடைசிச் சரிவு மோசம், மழையில் ஆட்டோக்காரர்கள் மேலேயே இறக்கிவிடுவார்கள். மாலை ஐந்துக்குமேல் போனால் நாயைத் தரமாட்டார்கள், அடைக்கும் நேரம். இது நியாயமான விதிதான். போன் சிக்னல் விட்டு விட்டு வரும், அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள், இரவுக்குள் பதில் வந்துவிடும்.

என்னிடம் புமிக் குட்டி கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் இல்லை. விற்பதற்கும் இனப்பெருக்கத்துக்கும் வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்ய 2016-இல் அரசு தடை போட்டது. குடிபெயர்ந்து வருகிறவர் தன் சொந்த நாயைக் கொண்டுவரலாம், அதற்கும் விமான நிலையத்தில் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். யாராவது புமி என்று குட்டி காட்டி முன்பணம் கேட்டால் காகிதத்தைக் கேளுங்கள். அதோடு, கேட்கிற பாதிப் பேர் ஃபிளாட்டில் இருப்பவர்கள். ஓட்டுவதற்கு எதுவும் இல்லாத வீட்டில் இது உங்கள் பிள்ளைகளை ஓட்டும்.

விடுதிக்கு இடம் சொல்லி வைப்பதாக இருந்தால் மே மாதத்தை மட்டும் கவனியுங்கள். சீசன் கூட்டத்தோடு ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நாய்க் கண்காட்சியும் அப்போதுதான் நடக்கும். வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே அறைகளைப் பிடித்துவிடுகிறார்கள், மார்ச் மாதமே போன் செய்துவிடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம் என்று அப்போதே சொல்லுங்கள், அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள்.