மிளா வேட்டையா, உதிர்ந்த கொம்பா?

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் இலையுதிர்காலத்தில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போவான். பனி இளகும்போது உதிர்ந்த கொம்பு தேடுவான். இரண்டில் எனக்குப் பிடித்தது கொம்பு தேடுவதுதான். துப்பாக்கி வேண்டாம், ரத்தம் இல்லை. மான் படுத்த இடம், நடந்த தடம், வேலி தாண்டும் இடம் என்று காட்டைக் கவனித்துப் படிக்க வேண்டும். எலியும் அணிலும் சுண்ணாம்புச்சத்துக்காகக் கொறிப்பதற்குள் முந்த வேண்டும், அவ்வளவுதான். வேட்டையில் பெரும்பாலும் காத்திருப்புதான்.

ஆனால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மிளாவை, அதாவது கடமானைச் சுடுவதும் குற்றம், சரணாலயத்தில் கிடக்கும் கொம்பை எடுத்து வருவதும் குற்றம். ‘தானா விழுந்ததுதானே சார்’ என்றால் வழக்கு நிற்காது என்று நினைக்காதீர்கள். கண்ணில் பட்டால் தொடாமல் நகருங்கள். முள்ளம்பன்றிக்கு அது தேவை.