பெயரில்லாத டப்பாவில் விற்கும் பருக் கிரீம்: ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி வரை பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வெள்ளை டப்பாவின் படம் சுற்றுகிறது. பரு, தழும்பு, கருமை மூன்றும் ஒரே வாரத்தில் போய்விடும் என்று கீழே எழுதியிருப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். என் தங்கையின் முகம் பட்ட பாடு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு வரக் கூடாது.

தங்கை கல்லூரியில் படிக்கிறாள். நெற்றியில் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள், தாடையோரம் சில சிவந்த பருக்கள், கன்னத்தில் பழைய பருக்கள் விட்டுப்போன கரும்பழுப்புத் தடங்கள். அந்த வயதில் பலருக்கும் வருவதுதான். ராமநாதபுரத்தில் ஓர் அழகு நிலையத்துக்குத் தோழிகளோடு போயிருக்கிறாள். அங்கிருந்த பெண்மணி முகத்தைப் பார்த்ததும், "நம் ஊர் உப்புத் தண்ணீரும் கடல் காற்றும்தான் காரணம், தோலுக்குள் அழுக்கு சேர்ந்துவிட்டது" என்று சொல்லி, தாடையில் ஆழமாக இருந்த ஒரு கட்டிப்பருவை ஊசியால் குத்திப் பிதுக்கியிருக்கிறார். பிறகு 650 ரூபாய்க்கு அந்த டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எங்கள் அம்மா கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுத்துச் சேர்த்த பணம் அது.

டப்பா இப்போது என் முன்னால் இருக்கிறது. மூடியில் துளசி இலைப் படம் போட்ட ஸ்டிக்கர், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது, ஓரம் பிசிறாக இருக்கிறது. 'முழுக்க முழுக்க மூலிகை' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை, என்னென்ன சேர்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. திறந்தால் ரோஜா வாசனை தூக்கலாக அடிக்கிறது. துளசி வாசனை மருந்துக்கும் இல்லை.

பூசத் தொடங்கிய சில நாட்களிலேயே பருக்கள் அமுங்கின, முகம் வெளுத்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏமாற்று வேலையின் உயிர்நிலையே அந்த முதல் வாரம்தான். அதை நம்பித்தான் அவள் தோழிகளும் வாங்கினார்கள். பிறகு கன்னம் சிவந்தது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் முகம் எரிந்தது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன, பூனைமுடி வளர்ந்தது. ஓர் இரவு பூசாமல் விட்டால் மறுநாள் முகம் முழுவதும் ஒரே அளவில் சிறுசிறு சிவந்த பருக்களாகப் பொங்கின. தலையணையில் கன்னம் படாமல் உட்கார்ந்தே தூங்கிய இரவுகளும் உண்டு.

போனில் கேட்டால் அந்தப் பெண்மணி, "உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது தங்கச்சி, நிறுத்தாமல் பூசு" என்றார். அடுத்த முறை, 'பவர் கூடியது' என்று இன்னொரு டப்பாவை விற்கப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். வலியோடு கேட்கிற பிள்ளைக்கு அதே விஷத்தை இன்னும் அதிகமாகப் பூசச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் மருத்துவர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன கிரீம் பூசினாய்?" என்பதுதான். டப்பாவில் எதுவும் எழுதியிராததால் ஆய்வில்தான் முழுவதும் தெரியும் என்றாலும், அந்த அடையாளங்கள் அத்தனையும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் நாள்பட்டுப் பூசியவர்களுக்கு வருபவை என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் உடனே அடக்கும். பருவின் காரணத்தைத் தொடாது. நாளாக ஆகத் தோலை மெலியவைக்கும், பருவைத் தானே உண்டாக்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளப்பும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அழகு நிலையத்தில் விற்க அனுமதியே கிடையாது.

சிறுநீரையும் பரிசோதிக்கச் சொன்னார். இத்தகைய வெளுப்பாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023-ல் மருத்துவர்கள் கண்டுபிடித்த செய்தி பத்திரிகைகளிலேயே வந்தது. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் முகக் கிரீம் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரகம் கெட்டால் சிறுநீரில் புரதம் போகும். தங்கைக்கு அப்படிப் போகவில்லை. அன்றுதான் அம்மா சாப்பிட்டார்.

மருத்துவரிடம் தெரிந்துகொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்பதுதான் பெரிய புரட்டு. கரும்புள்ளியும் வெண்புள்ளியும், தோலின் எண்ணெயும் இறந்த செல்களும் மயிர்க்கால் துளையை அடைப்பதால் வருபவை. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அல்ல, காற்றுப்பட்டுக் கறுத்தது. தேய்த்தால் போகாது. இவற்றுக்கு இரவில் அடபலீன் போன்ற களிம்பை, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாகப் பூசச் சொல்வார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிவந்த பருவுக்கும் சீழ்ப்பருவுக்கும் பென்சாயில் பெராக்சைடு தருவார்கள். அது துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும், பழைய துணியைப் பயன்படுத்துங்கள். வலிக்கிற கட்டிப்பருவுக்கு உள்மருந்து தேவைப்படும். அதைக் குத்தினால் பள்ளம்தான் மிஞ்சும். தங்கையின் தாடையில் இப்போது இருப்பது அந்த ஊசியின் பள்ளம்.

தழும்பிலும் வகை உண்டு. பரு ஆறிய இடத்தில் நிற்கும் பழுப்புத் தடம் தோலின் நிறமி மட்டுமே. வெயில் படாமல் காத்தால் மாதக்கணக்கில் தானே மங்கும், அசிலாயிக் அமிலக் களிம்பு அதை விரைவுபடுத்தும். பள்ளம் விழுந்த தழும்பை எந்தக் கிரீமும் நிரப்பாது. அதற்கு மருத்துவர் செய்யும் லேசர், நுண்ணூசி போன்ற சிகிச்சைகள்தான், அதுவும் பருக்கள் முழுவதும் அடங்கிய பிறகு. எந்த முறையான மருந்தும் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் என்று எவர் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உப்புத் தண்ணீர், கடல் காற்று கதையையும் மருத்துவர் ஒதுக்கித் தள்ளினார். அவர் சுட்டிக்காட்டியது தேங்காய் எண்ணெயை. தலையில் வழிய வழியத் தேய்த்தால் நெற்றியில் இறங்கித் துளைகளை அடைக்கிறது. இரவில் கொஞ்சமாகத் தேய்த்துக் காலையில் அலசிவிடலாம். முகத்தை இருவேளை மென்மையான சோப்பால் கழுவினால் போதும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு நம் ஊர் வெயிலில் இறங்கினால் தோல் வெந்து புதிதாகக் கறுக்கும். எண்ணெய்ப்பசை இல்லாத சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30-க்குக் குறையாதது, பூசச் சொன்னார். கரையில் வெயில் மேலிருந்து மட்டுமா வருகிறது, மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. பாசிக்குப் போகிற பெண்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வது சும்மா இல்லை.

தங்கையின் முகம் மெல்லத் தேறிவருகிறது. கிரீமை நிறுத்திய பிறகு வந்த வாரங்கள் கொடுமையானவை, ஆனால் மருத்துவர் அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயந்து மறுபடி டப்பாவைத் தொடவில்லை. நீங்களும் பூசிக்கொண்டிருந்தால் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். நிறுத்தும் முறையை மருத்துவரே சொல்வார்.

டப்பாவைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். மருந்து விற்பனையைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அதுதான் சாட்சி. பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் அதே டப்பா, துளசிக்குப் பதில் கற்றாழைப் படத்தோடு, தொண்டிப் பக்கத்துக் குழு ஒன்றில் 700 ரூபாய்க்கு வந்திருக்கிறது. உங்கள் குழுவிலும் வந்தால், தயாரித்தவர் முகவரியையும் உரிம எண்ணையும் எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள்.