கலங்கல் தண்ணீரில் தனி ஹார்னஸ்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

மீட்புக் குழுவுக்காக முங்கும்போது கண்ணை நம்பி வேலை நடக்காது. சேறு கிளம்பிவிட்டால் டார்ச் வெளிச்சம் மாஸ்குக்கு முன்னாலேயே பழுப்பாக நின்றுவிடும். அதனால் எந்தச் சாமானைப் பார்த்தாலும், தடித்த கையுறையோடு தடவியே இதை எடுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். கரையிலிருந்து வரும் கயிற்றை மாட்ட உடம்பில் கட்டிக்கொள்ளும் பட்டைத் தொகுதியான ஹார்னஸும் அப்படித்தான்.

பொழுதுபோக்கு டைவிங்கிலிருந்து வருகிறவர்கள், சிலிண்டரைச் சுமக்கும் மிதவை ஜாக்கெட்டிலேயே டி-ரிங் (D வடிவ வளையம்) இருக்கிறதே, கயிற்றை அதில் மாட்டினால் என்ன என்பார்கள். கூடாது. சிலிண்டர் வலையில் சிக்கினால் கடைசி வழி ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வெளியே வருவது. கயிறு அதில் இருந்தால், கரையில் கயிறு பிடிப்பவர் வெறும் ஜாக்கெட்டைத்தான் இழுத்துக்கொண்டிருப்பார். முங்குவதற்கான எடைகளுக்கும் இதே கதைதான். ஜாக்கெட் பையில் ஈயம் முழுவதையும் வைத்திருந்தால், கழற்றிய கணமே ஜாக்கெட் கீழே போகும், டிரை சூட்டில் (உள்ளே காற்றுள்ள, தண்ணீர் புகாத உடை) இருக்கும் ஆள் மேலே பாய்வார். நான் எடையைத் தனிப் பட்டையில் போடுகிறேன்.

ஆக, சூட்டுக்கு மேலே, ஜாக்கெட்டுக்குக் கீழே தனி ஹார்னஸ். நான் பயன்படுத்துவது 5 செ.மீ. அகல நைலான் பட்டை, உலோகப் பக்கிள், பூட்டும் கேரபைனர் கொக்கி. தொடையிடைப் பட்டை இல்லாததை வாங்காதீர்கள். மேலிருந்து இழுத்ததும் முழு ஹார்னஸும் அக்குளுக்கு ஏறிவிடும். அப்புறம், கடையில் சட்டைக்கு மேல் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. டிரை சூட்டோடு போட்டால்தான் மார்புப் பட்டை காற்று நிரப்பும் வால்வை மறைக்கிறதா என்பது தெரியும். எனக்கு அந்தப் பட்டையை நான்கு விரல் கீழே இறக்க வேண்டியிருந்தது.

வெள்ளத்தில் நீந்தி மீட்பவர்களின் ஜாக்கெட்டில் இழுத்தால் கழன்றுகொள்ளும் பட்டை இருக்கும். நீரோட்டத்தில் கயிறே ஆளை அமுக்கிவிடும் என்பதால் அது சரி. முங்குகிறவருக்கு அப்படியில்லை, திரும்பி வர அந்தக் கயிறுதான் வழி. அப்படிக் கழலும் கொக்கி எதுவும் அங்கே வேண்டாம் என்பது என் கட்சி.

முழுமுக மாஸ்க் போட்டால் உபரிக் காற்றுக்கு வாய்க்குழாயை மாற்றிக் கடிக்க முடியாது. கழற்றினால் சாக்கடைத் தண்ணீர் முகத்தில். அதற்குத்தான் மார்பில் காற்று மாற்றும் பிளாக். குமிழைத் திருப்பினால் போனி சிலிண்டரின் (சின்ன உபரி சிலிண்டர்) காற்று வந்துவிடும். 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 600 லிட்டர் காற்று. பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் மூச்சு, 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாவதால் அது 60. அதிகபட்சம் பத்து நிமிடம். சிக்கலை அவிழ்க்க அது பெரிய நேரம் இல்லை.

கத்தியைக் காலில் கட்டுவதை விட்டுவிட்டேன். கால் சிக்கினால் கத்தியும் சிக்கும். தாடைக்கும் இடுப்புக்கும் நடுவே, எந்தக் கையாலும் எட்டும்படி இரண்டு இடத்தில் கத்தரி. தொய்ந்து கிடக்கும் மீன்பிடி நரம்பைக் கத்தி அறுக்காது, வழுக்கும். கத்தரி ஒரே நறுக்கில் முடிக்கும். கம்பிக்கு மட்டும் தனி கட்டர்.

குறை என்றால் நைலான்தான். அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அலசி நிழலில் போட்டாலும் தையல் ஓரம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். பூச்சுப் பூசிய பட்டையைத் துடைத்தாலே போதும், ஆனால் விறைப்பு, பக்கிளில் சில சமயம் நழுவுகிறது. இப்போதைக்கு நைலானிலேயே இன்னொரு ஹார்னஸ் வாங்கி, மாற்றி மாற்றிப் போடுகிறேன்.