ஓடா, மரபணுவா? கடற்பாறை நத்தைகளை இனம் பிரிப்பதில் ஓர் ஒப்பீடு

வட அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வாழும் லிட்டோரினா சாக்சாடிலிஸ் என்னும் சிறு நத்தைக்கு 1792-இல் இத்தாலிய இயற்கையியலாளர் ஒலிவி பெயரிட்டார். அதன் பின் அதே நத்தைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டன. ஓட்டின் வடிவத்தையும் நிறத்தையும் வரிகளையும் நம்பி, பலரும் அதைப் புதிய சிற்றினம் என்றே கருதிவிட்டார்கள். அவர்கள் அசட்டையாகப் பார்த்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஓடுகள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று அவ்வளவு மாறுபட்டவை.

சுவீடனின் மேற்குக் கரையில் இதை நேரில் காணலாம். நண்டுகள் மிகுந்த கற்களிடையே வாழும் நத்தை பெரியது. அதன் ஓடு தடித்தும், ஓட்டின் வாய், அதாவது உடல் வெளிவரும் திறப்பு, குறுகியும் இருக்கும். இதை நண்டு வகை என்பார்கள். சில மீட்டர் தள்ளி அலை மோதும் பாறையில் இருக்கும் அலை வகையோ சிறியது. மெல்லிய ஓடும், பாறையைப் பற்றும் அகன்ற பாதத்துக்கு இடம் தரும் விரிந்த வாயும் கொண்டது. இரண்டும் ஒரே சிற்றினம். இடையிலுள்ள பகுதியில் கலந்து இனப்பெருக்கமும் செய்கின்றன. 1988-இல் நச்சுப் பாசிப் பெருக்கத்தால் நத்தைகள் அழிந்துபோன ஒரு சிறு பாறைத் தீவில், 1992-இல் நண்டு வகை நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 30 தலைமுறைகளில் அவற்றின் வழித்தோன்றல்கள் அலை வகையின் உருவத்துக்கு மாறிவிட்டன. இவ்வளவு விரைவில் மாறக்கூடிய உருவத்தைக் கொண்டு உறவுமுறையைத் தீர்மானிப்பது சரியாகாது.

அப்படியானால் மரபணுவே போதும் என்று நினைக்கத் தோன்றும். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரே மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படிக்கும் டிஎன்ஏ பார்கோடு முறை மலிவானது, விரைவானது. ஓடே இல்லாத முட்டையையும் மிதக்கும் இளம்புழுவையும்கூட அடையாளம் காட்டும். ஆனால் பிரிட்டன் கரையில் சாக்சாடிலிஸுடன் சேர்ந்தே வாழும் இன்னொரு சிற்றினமான லிட்டோரினா ஆர்கானா விஷயத்தில் அது கைவிட்டுவிடுகிறது. இரண்டும் அண்மையில் பிரிந்தவை, இடையிடையே கலந்தும் வந்தவை என்பதால், ஒரே மைட்டோகாண்ட்ரியா வரிசை இரண்டிலும் காணப்படுகிறது. ஓட்டிலும் நம்பத்தக்க வேறுபாடு கிடையாது. பெண் நத்தையைத் திறந்து பார்த்தால்தான் தெளிவு பிறக்கும்: சாக்சாடிலிஸின் உடலுக்குள் ஓடு முளைத்த குஞ்சுகள் நிறைந்த அடைகாப்புப் பை இருக்கும், ஆர்கானாவில் அதே இடத்தில் முட்டைத் திரளுக்கான கூழைச் சுரக்கும் சுரப்பி இருக்கும். ஆண்களைப் பிரிப்பதோ மிகக் கடினம்.

முழு மரபணுத்தொகுதியைப் படிக்கும் முறை இங்கே பார்கோடைவிடப் பல மடங்கு மேலானது. 2024-இல் வெளியான ஆய்வு, குஞ்சு ஈனும் பண்போடு தொடர்புடைய மாற்றங்கள் ஏறத்தாழ 50 இடங்களில் சிதறிக் கிடப்பதைக் காட்டியது. மரபணுத்தொகுதியின் மீதிப் பெரும்பகுதி இவ்விரண்டு சிற்றினங்களையும் தெளிவாகப் பிரிக்கவில்லை. ஒரே ஒரு மரபணுவை எடுத்து முடிவு சொல்வது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தும் ஓட்டை ஒதுக்க முடியாது. அருங்காட்சியகங்களின் பழைய மாதிரிகளிலும் புதைபடிவங்களிலும் பெரும்பாலும் ஓடு மட்டுமே எஞ்சுகிறது. பல நத்தைகளில், உச்சியிலுள்ள முதற்சுருள், குஞ்சு கடலில் மிதந்து வளர்ந்ததா என்பதையும் சொல்லிவிடும். ஆகவே, திசுவுக்காக ஓட்டை உடைக்கும் முன், வாயும் உச்சியும் தெரியும்படி படமெடுத்து, உயரத்தையும் வாயகலத்தையும் அளந்து, சேகரித்த பாறையின் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். உடைத்த துண்டுகளையும் அதே எண்ணிட்டுப் பாதுகாக்க வேண்டும்.