வாட்ச்டொக் டைம்அவுட்: செட்டிங்கா, டிரைவரா, வேறு கார்டா?

கொழும்பில் சின்ன அலுவலகங்களில் சேர்வர் என்று இருப்பது பெரும்பாலும் பழைய டெஸ்க்டொப் ஒன்றுதான். புறக்கோட்டைக் கடையின் கணக்கு, கொட்டாஞ்சேனை அச்சகத்தின் கோப்புகள், வெள்ளவத்தை ரியூட்டரியின் வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள்ளேதான். மதர்போர்டோடு வரும் நெட்வேர்க் சிப் அநேகமாக ரியல்டெக். பிரீபிஎஸ்டி இயங்குதளத்தைப் போட்டு விட்டால் சத்தமில்லாமல் ஓடும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளை இழுக்கிற நாளில் திரையில் ‘ஆர்ஈ0: வாட்ச்டொக் டைம்அவுட்’ என்ற வரி விழும் (ஆர்ஈ0 என்பது அந்த ரியல்டெக் கார்டுக்குப் பிரீபிஎஸ்டி வைக்கும் பெயர்). இணைப்பு விழுந்து எழும்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: செட்டிங்கை மாற்று, ரியல்டெக் நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போடு, இன்டெல் கார்டு வாங்கு, லினக்ஸுக்குப் போ. நாலையும் ஒப்பிட முதல் அந்த வரி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். டிரைவர் ஒரு பொதியைக் கார்டிடம் கொடுத்துவிட்டு 5 விநாடி எண்ணத் தொடங்குகிறது. அனுப்பி முடித்தேன் என்று கார்டு இன்டரப்ட் என்ற சைகையை எழுப்பினால் எண்ணிக்கை நிற்கும். எழுப்பாவிட்டால் டைம்அவுட். கார்டு உண்மையிலேயே சிக்கி நின்றிருக்கலாம். வேலையை முடித்தும் இன்டரப்ட் வந்து சேராமல் போயிருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய்.

எந்த நோய் என்பதை ஆர்ஈ டிரைவரே, அதாவது பிரீபிஎஸ்டியோடு வரும் ரியல்டெக் டிரைவரே, சொல்லிவிடும், ஆனால் பலர் வரியை முழுக்க வாசிப்பதில்லை. நேரம் கடந்ததும் டிரைவர் தன் அனுப்பும் வரிசையை ஒருதரம் சரிபார்க்கிறது. எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தால், டைம்அவுட் என்பதோடு ‘மிஸ்ட் டிஎக்ஸ் இன்டரப்ட்ஸ்’ (அனுப்பியதற்கான இன்டரப்ட் தவறிவிட்டது) என்றும் சேர்த்து எழுதிவிட்டுத் தொடரும். பொதிகள் இன்னும் தேங்கி நின்றால் வெறும் ‘வாட்ச்டொக் டைம்அவுட்’ மட்டும் எழுதி, கார்டை முழுதாக ரீசெட் செய்யும். இணைப்பு விழுவது இதனால்தான்.

தவறிய இன்டரப்ட் வகை என்றால் செட்டிங்தான் முதல் மருந்து, செலவும் இல்லை. லோடர்.கொன்ஃப் என்ற துவக்கக் கோப்பில் ஆர்ஈ டிரைவரின் எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் என்ற புதுப் பாணி இன்டரப்ட் இரண்டையும் முடக்கி, ஒருமுறை ரீபூட் செய்தால் கார்டு பழைய பாணி இன்டரப்டுக்குத் திரும்பும். விஎம்ஸ்டாட் கட்டளையில் இன்டரப்ட் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். சின்ன அலுவலகச் சுமைக்கு வேக வித்தியாசம் தெரியாது.

ஆனால் இதே பட்டியலில் எல்லோரும் சொல்லும் இன்னொன்று உண்டு: டிஎஸ்ஓவை, அதாவது பெரிய தரவைப் பொதிகளாக வெட்டும் வேலையைக் கார்டிடமே விடும் வசதியை, நிறுத்து. ஆர்ஈ விஷயத்தில் இது வீண்வேலை. சில சூழலில் கெட்டுப்போன டிசிபி துண்டுகளை அனுப்புகிறது என்பதால், அந்த டிரைவர் டிஎஸ்ஓவை முன்னிருப்பாகவே அணைத்துத்தான் வைத்திருக்கிறது. அணைந்த விளக்கை மறுபடி அணைப்பானேன்? லினக்ஸில் இன்டெல் ஐ219 சிப் ‘ஹார்ட்வெயார் யூனிட் ஹேங்’ என்று புலம்பும்போதுதான் இந்த அறிவுரைக்குப் பெறுமதி.

வெறும் டைம்அவுட் வகை என்றால் டிரைவரிலோ கார்டிலோ கைவைக்க முதல் சுவிட்சைப் பாருங்கள். அதே சுவிட்சில் தொங்கிப்போன ஒரு கணினி ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்லும் போஸ் ஃபிரேமை இடைவிடாமல் அனுப்பினால், ஃப்ளோ கன்ட்ரோலுக்குக் கட்டுப்பட்ட சேர்வர் கார்டு அனுப்புவதை நிறுத்தி வைக்கும். டிரைவருக்கு அது சிக்கிய கார்டு போலவே தெரியும். சேர்வரையும் ஒரேயொரு கணினியையும் தனி சுவிட்சில் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கடலோர வீதிகளில் கேபிள் முனையில் பச்சை பூத்திருப்பதும் சகஜம்தான், ஆனால் அது பெரும்பாலும் உள்வரும் பிழைகளாக நெட்ஸ்டாட் கட்டளையில் தெரியும், டைம்அவுட்டாக அல்ல.

அதிலும் பிழை இல்லை என்றால் போட்டி ரியல்டெக்கின் சொந்த டிரைவருக்கும் வேறு கார்டுக்கும்தான்.

சொந்த டிரைவர் பிரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பில் கிடைக்கிறது. பல 8168, 8111 சிப்புகள் அதோடு அடங்கிப் போகின்றன. 8125 என்ற 2.5 கிகாபிட் சிப்பைப் பிரீபிஎஸ்டி 13இன் ஆர்ஈ டிரைவருக்கு அடையாளமே தெரியாது. அங்கே வேறு வழியும் இல்லை. நிறுவும்போது ஒரு கண்ணி: ஆர்ஈ ஏற்கனவே கேர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையநிரலுக்குள், இருப்பதால், லோடர்.கொன்ஃப்பில் புது டிரைவர் மொடியூலின் முழுப் பாதையையும் கொடுக்காவிட்டால் பழையதே ஏறும், நீங்கள் மாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள். எனக்குப் பிடிக்காதது இதற்குப் பிறகு வருவது. கேர்னலை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் மொடியூல் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு நெட்வேர்க்கே இல்லாத சேர்வர் எழும்பலாம். நீங்கள் தெஹிவளையில் வீட்டில், சேர்வர் புறக்கோட்டையில், நேரம் இரவு. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பராமரிக்கும் இடத்துக்கு இது சரி. ‘தம்பி, கொஞ்சம் வந்து பாரும்’ என்று மட்டும் கூப்பிடும் இடத்துக்குச் சரிவராது.

அப்படியான இடத்துக்கு நான் சொல்வது இன்டெல் கார்டு. 82574எல் அல்லது ஐ210, இரண்டும் சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையிலேயே பொருந்தும். கேர்னலோடு வரும் டிரைவரே போதும், மேம்படுத்தும்போது நெஞ்சு படபடக்காது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரிக்கும்போது சிப் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். ‘கிகாபிட் கார்டு’ என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது இன்னொரு ரியல்டெக்காக இருக்கலாம். இன்டெல் பெயர் பொறித்த போலிகளும் உலகச் சந்தையில் நிறைய உலாவுகின்றன, முக்கியமாக நாலு போர்ட் ஐ350. வேகத்துக்கு ஆசைப்பட்டு ஐ225-வி பக்கமும் போக வேண்டாம், அதன் முதல் பதிப்புகள் இணைப்பை விட்டுவிடும் குறைக்குப் பேர்போனவை. மெலிந்த டெஸ்க்டொப் என்றால் குட்டைப் பிராக்கெட் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

ரியல்டெக் மீது பிரீபிஎஸ்டிக்காரருக்கு இருக்கும் கோபம் பழையது. 8139 சிப்புக்கு டிரைவர் எழுதிய பில் போல் என்பவர், இதைவிட மோசமான பிசிஐ ஈதர்நெட் சிப் அநேகமாக இல்லை என்று மூலநிரலின் குறிப்பிலேயே திட்டி வைத்திருக்கிறார். பின்னால் வந்த சிப்புகள் அவ்வளவு மோசமில்லை.

லினக்ஸுக்குப் போவது இந்த நோய்க்கு மருந்தே அல்ல. அங்கேயும் இதே 5 விநாடி, இதே முறைப்பாடு; பெயர் மட்டும் ‘நெட்டெவ் வாட்ச்டொக்’. ரியல்டெக்கோடு அங்கேயும் கேர்னல் டிரைவரா நிறுவனத்தின் டிரைவரா என்ற அதே சண்டைதான். இசட்எஃப்எஸ் கோப்புமுறை வட்டுகள் ஒருவேளை கூட வந்துவிடும், பிஎஃப் தீச்சுவர் விதிகள் வராது.

கார்டை மாற்ற முடிவு செய்தால், புதியதைப் பொருத்த முதல் ஆர்சி.கொன்ஃப் என்ற செட்டிங் கோப்பைத் திறவுங்கள். ஆர்ஈ0 என்று இருந்த இடமெல்லாம் 82574எல்லுக்கு ஈஎம்0 என்றும் ஐ210க்கு ஐஜிபி0 என்றும் மாற வேண்டும். பிஎஃப் விதிகளிலும் அப்படியே. ரியல்டெக்கை பயோஸில் முடக்கவேண்டிய கட்டாயம் இல்லை. முகவரி கொடுக்காமல் விட்டாலே போதும்.