பதினைந்து நாளா, ஆறு மாதமா, ஐந்து வருடமா?

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இன்பிளான்ட் டிரெயினிங் போன தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்: "மெஷினைத் தொடாதீங்க தம்பி." பதினைந்து நாளும் தொடவில்லை. கடைசி நாளில் 'பயிற்சியைச் சிறப்பாக முடித்தார்' என்று சான்றிதழ் தந்தார்கள். அவர்கள்மேல் கோபமில்லை. இரண்டு வாரத்தில் கிளம்பப்போகிறவனுக்கு வேலை கற்றுக்கொடுத்து அவர்களுக்கு ஆகப்போவது என்ன? பையன் நாளைக்கும் வருவான் என்று தெரிந்தால்தான் சூப்பர்வைசர் ஸ்பேனரைக் கையில் கொடுப்பார். அந்தக் கணக்கை வைத்தே, இன்ஜினியரிங் படிப்பவர்கள் தொழிற்சாலை வேலை பழக இருக்கிற மற்ற வழிகளையும் பார்க்கிறேன்.

முதலில் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பு. பீளமேட்டில் 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், பம்பும் மோட்டாரும் செய்கிற அசல் தொழிற்சாலை. 1951இல் வந்த கல்லூரி அதை ஒட்டியே வளர்ந்தது. அதனால் இங்கே பி.இ. மெக்கானிக்கல் சாண்ட்விச் எடுப்பவர்கள் வகுப்புக்கும் தொழிற்சாலைக்குமாக மாறி மாறிப் போகிறார்கள். வார்ப்பில் ஓட்டை விழுந்தால் அந்தப் பம்பு விற்காது என்பது அவர்களுக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வரும் கேள்வி இல்லை, கண்ணால் பார்த்த நஷ்டம். குறை என்றால், படிப்பு 5 வருடம். கூடப் படித்தவன் சம்பளம் வாங்கும்போது நாம் ஃபீஸ் கட்டிக்கொண்டிருப்போம். அப்புறம், சொந்தமாகத் தொழிற்சாலை வைத்திருக்கும் கல்லூரிகள் எத்தனை? ஒரு வருடம் கூடுதலாகச் செலவழிக்க முடியாதவர்களுக்கு பாலிடெக்னிக்கில் மூன்றரை வருட சாண்ட்விச் டிப்ளமோ இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இரண்டாவது, ராஜஸ்தானில் உள்ள பிலானி பிட்ஸ் கல்லூரி 1973இல் ஆரம்பித்த 'பிராக்டிஸ் ஸ்கூல்', அதாவது மாணவர்களை நிறுவனங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் ஏற்பாடு. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் சுமார் இரண்டு மாதம், பிறகு ஐந்தரை மாதம். நிறுவனத்தைத் தேடி இடம் ஒதுக்குவது கல்லூரியின் பொறுப்பு. ஆசிரியர் மேற்பார்வை உண்டு, மதிப்பெண்ணும் உண்டு. இதை அரைகுறையாகக் காப்பியடித்து, "இன்டர்ன்ஷிப் கட்டாயம், இடம் நீயே தேடிக்கொள்" என்று சொல்லும் கல்லூரியில் மாமா, சித்தப்பாவுக்கு ஆள் தெரிந்த பையன் பிழைத்துக்கொள்வான். மற்றவன் காசு கொடுத்து சான்றிதழ் வாங்குவான்.

மூன்றாவது, பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருட அப்ரெண்டிஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் ஸ்டைபண்ட் (உதவித்தொகை) வாங்கிக்கொண்டு பயிற்சி. 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தை 1973இல் திருத்தி இன்ஜினியரிங் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். தென் மாநிலங்களுக்கான அப்ரெண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் மாதம் 9,000 ரூபாய் என்று 2019இல் வைத்தார்கள். அதில் பாதி மத்திய அரசின் பங்கு. வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. "பி.இ. முடிச்சிட்டு அப்ரெண்டிஸா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்காதவர்களுக்கு, ஆறு மாதம் கோச்சிங் சென்டரில் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, எதை எடுப்பது? பம்பு, வார்ப்பு, லேத் என்று கையில் கிரீஸ் படுகிற வேலை பிடித்தவர்கள் சாண்ட்விச் கிடைத்தால் விடவே கூடாது. சாஃப்ட்வேர் பக்கம் போகிறவர்களுக்கு ஐந்தரை மாதம் போதும், ஐந்து வருடம் வேண்டாம். கவுன்சலிங்குக்கு முன்னால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பயிற்சிக்குப் போன பையனைப் பார்க்க உங்கள் ஆசிரியர் எத்தனை தடவை போவார்?"